விற்காத வீட்டின் காகிதங்கள்



'அயனம்பாக்கம் வட்டார வீட்டு மனை நிலவரமும் வீட்டுக்காரர்களுக்குச் சில யோசனைகளும்' என்று குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தின் அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். நிலவரத்தைப் பேசத்தான் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. இந்த மன்றத்தில் இருப்பவர்களில் விற்பதற்காக வீடு கட்டியவர்கள் எத்தனை பேர்? குடியிருக்கத்தானே கட்டினோம்? பி.எப். பணத்தைப் போட்டு, நகையை அடகு வைத்து, பதினைந்து இருபது வருடம் தவணை கட்டி எழுப்பிய வீடு இது. 'கிரவுண்டு என்ன விலை போகுது?' என்று தினமும் கேட்கிறோம். 'என் பத்திரம் சரியாக இருக்கிறதா?' என்று எப்போது கேட்டோம்?

என் பேச்சு முழுக்க இந்த ஒன்றைப் பற்றித்தான். விற்கும் எண்ணமே இல்லாத காலத்தில்தான் வீட்டின் காகிதங்களைச் சரிசெய்ய வேண்டும். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, பிள்ளையின் மேல்படிப்பு என்று ஒரு அவசரம் வரும். அந்த நேரத்தில் பத்திரத்தில் குறை இருப்பது தெரிந்தால், விலை பேசும் பலம் வாங்குபவர் கைக்குப் போய்விடும். ஊரெல்லாம் விலை ஏறியிருந்தாலும் நம் வீட்டுக்கு மட்டும் ஏறாது.

முதலில் நிலவரம். இந்த மேற்குப் பகுதியில் மனை விலை ஏன் ஏறிக்கொண்டே இருக்கிறது? நம் ஊர் திடீரென்று முளைத்ததல்ல. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை அம்பத்தூரில் வந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளிகள் வாங்கிய மனைகள்தான் இங்கே பாதி. பிறகு மதுரவாயல் வழியாகப் புறவழிச் சாலை வந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை வந்தது. வானகரம்–அம்பத்தூர் சாலையில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அடுக்ககங்களும் வந்தன. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தெற்கே கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ வருகிறது. வடக்கே கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை சுமார் 22 கிலோமீட்டருக்கு இன்னொரு பாதைக்குத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள்.

இவை எல்லாம் உண்மை. ஆனால் கட்டி முடிந்த பாதை வேறு, கட்டுகிற பாதை வேறு, காகிதத்தில் இருக்கிற பாதை வேறு. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரே விலை கேட்கிறவரை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 'ஸ்டேஷன் பக்கத்துலயே வருது' என்றால், எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டம், அங்கே தூண் எழுந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

விலை என்று சொல்லும்போது மூன்று விலை இருக்கிறது. புரோக்கர் சொல்லும் விலை. வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலை. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு. இந்த மூன்றாவதுதான் உங்கள் முத்திரைத் தீர்வையைத் தீர்மானிக்கிறது. 2017 ஜூன் மாதத்தில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. அதோடு பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது, கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தது. 2024 ஜூலையில் மதிப்பு மறுபடி திருத்தப்பட்டது. இன்று மனையோ தனி வீடோ வாங்கினால் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 2 விழுக்காடு பதிவுக் கட்டணம், ஆக 9. அறுபது லட்சம் மதிப்பென்றால் 5 லட்சத்து 40 ஆயிரம் கையில் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக் கடனில் இது அடங்காது. புது அடுக்ககத்தை பில்டரிடமிருந்து முதல் முறை வாங்குகிறவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் வேறு கணக்கு. நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால் 4 விழுக்காடும், 3 கோடி வரை 5 விழுக்காடும் தீர்வை. பதிவுக் கட்டணம் அதே 2. பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. விலை நிலவரம் இவ்வளவு போதும். இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுங்கள். முதல் பக்கத்தைப் படிக்க வேண்டாம். நேராகக் கடைசியில் உள்ள சொத்து விவரத்துக்குப் போங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? இந்தச் சுற்றுவட்டாரத்துப் பழைய பத்திரங்களில் 'செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா' என்று இருக்கும். 1997இல் அந்த மாவட்டம் பிரிந்த பிறகு எழுதிய பத்திரத்தில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று இருக்கும். 2018இல் சென்னை மாவட்ட எல்லை விரிந்தபோது அதற்குள் வந்த பகுதிகளில் 'சென்னை மாவட்டம்' என்று இருக்கும். மண் நகரவே இல்லை, மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. திருவேற்காடு தனி நகராட்சியாக நின்றது. சாலையில் நடக்கும்போது இந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. சொத்து வரி ரசீதில் தெரியும். தாய்ப்பத்திரத்தில் ஒரு சர்வே எண், உங்கள் பத்திரத்தில் அதன் உட்பிரிவு, பட்டாவில் இன்னொரு எண் என்று இருந்தால், மூன்றையும் இணைக்கும் சங்கிலி உங்கள் கையில் இருக்கிறதா?

அடுத்து நான்கு எல்லைகள். 'வடக்கில் 20 அடி சாலை, தெற்கில் மனை எண் இத்தனை' என்று எழுதியிருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வடக்கில் சாலை 20 அடி இருக்கிறதா, 16 அடிதானா? கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி? பத்திரத்தில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி என்று இருக்கும். அளந்தால் 1,140தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கலாம், நாமே சாலைக்குள் படிக்கட்டை இறக்கியிருக்கலாம். அக்கம்பக்கத்தார் நட்போடு இருக்கும் இன்று உட்கார்ந்து பேசினால் ஒரு பிழைத்திருத்தல் பத்திரத்தோடு பல பிரச்சினைகள் முடிந்துவிடும். இந்தத் தலைமுறை போன பிறகு அதே பேச்சு சிவில் கோர்ட்டில் நடக்கும்.

இப்போது இந்த ஊரின் பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒருவர், நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்த ஒரு லேஅவுட்டில் மனை வாங்குகிறார். 'பஞ்சாயத்து அப்ரூவல் சார்' என்கிறார்கள். வாங்கி வீடு கட்டுகிறார். மின்சாரம் வந்தது, வரி ரசீது வந்தது, ரேஷன் கார்டு வந்தது. முப்பது வருடம் எந்தக் குறையும் இல்லை. அவர் காலமாகிறார். மூன்று பிள்ளைகள், ஒருவர் வெளிநாட்டில். வீட்டை விற்கப் போகும்போதுதான் தெரிகிறது: பஞ்சாயத்துத் தலைவருக்கு லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமே கிடையாது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, அதற்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி, இவற்றால்தான் தர முடியும். பட்டா இன்னும் நிலத்தை விற்ற பழைய விவசாயியின் பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கிறது.

இந்தக் கதை எத்தனை தெருக்களில் நடக்கிறது? உங்களுக்கே தெரியும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது மாநிலமே நின்று திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 என்பது அதில் எல்லைக்கோடு. அந்த நாளுக்குள் பதிவாகிவிட்ட மனைகளை, உரிய கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம். நீர்நிலை, கால்வாய், புறம்போக்கு ஆகியவற்றில் உள்ள மனைக்கு இந்த வழி இல்லை. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது, ஆகவே இன்றைய தேதியில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று சிஎம்டிஏவில் கேளுங்கள். உங்கள் லேஅவுட்டில் யாராவது வரன்முறை ஆணை வாங்கியிருந்தால் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் வேலை சுலபம். நலச் சங்கம் இருப்பது பொங்கல் விழாவுக்கு மட்டுமல்ல. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கணக்கெடுக்கும் வேலையை எடுத்துச் செய்யுங்கள் என்று நிர்வாகிகளை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

பட்டா விஷயத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. பட்டா இருந்தால் போதும், பத்திரம் தேவையில்லை என்பார் ஒருவர். பத்திரம் இருந்தால் போதும், பட்டா எதற்கு என்பார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல. உரிமையைத் தருவது பத்திரம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே, அது தனியாக உரிமை தராது. ஆனால் பட்டா பழைய பெயரில் இருக்கும்வரை அந்தப் பழைய பெயருக்குரியவரின் பேரன் வந்து நின்று கேள்வி கேட்க இடம் இருக்கிறது. சர்வே எண் முழுவதும் உங்களுடையது என்றால் பெயர் மாற்றம் எளிது. உட்பிரிவு செய்ய வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதற்குக் காலம் ஆகும், அலைய வேண்டியிருக்கும். அவசரம் இல்லாத இன்றே அலையுங்கள்.

இந்த வட்டாரத்துக்கென்று இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் உங்கள் நிலம் உபரி என்று எடுக்கப்பட்டதா? சட்டம் 1999இல் ரத்தாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் எடுத்த நிலங்களின் பதிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மற்றொன்று, முகப்பேர், நொளம்பூர், அயப்பாக்கம் பக்கத்தில் வீட்டுவசதி வாரியம் நில எடுப்புச் செய்த சர்வே எண்களில் உங்கள் எண் இருக்கிறதா? இந்த இரண்டும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோயில் நிலமா என்பதையும் பாருங்கள். பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவில் கோயில் நிலத்தைப் பதிவதற்குத் தடை உண்டு.

கடனைக் கட்டி முடித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மகிழ்ச்சி. வங்கியில் பத்திரத்தைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா? கடன் முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தர வேண்டும், தாமதம் வங்கியின் தவறென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரத்தை வாங்கியதோடு வேலை முடியவில்லை. கடன் வாங்கும்போது ஆவண ஒப்படைப்பை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோமே, அதை ரத்து செய்யும் ரசீதையும் பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கட்டி முடித்த கடன் பத்து வருடம் கழித்தும் வில்லங்கச் சான்றில் நிற்கிறது. தவணை இன்னும் ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 6.50 விழுக்காட்டிலிருந்து 5.50 ஆனது. உங்கள் பழைய கடனுக்கு அந்தக் குறைவு வந்து சேர்ந்ததா என்று கிளைக்குப் போய்க் கேளுங்கள்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இனிச் சொல்வது. பிளாட்டில் உங்களுக்குச் சொந்தம் எது? சுவரா, டைல்ஸா? கட்டடத்துக்கு வயதாகும், அதன் மதிப்பு குறையும். குறையாதது நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பாகம், யூ.டி.எஸ். என்று சொல்கிறோமே அதுதான். ஆயிரம் சதுர அடி பிளாட்டுக்கு 450 சதுர அடி யூ.டி.எஸ். உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடமும், 250 மட்டுமே உள்ள புது உயர் மாடிக் கட்டடமும் ஒன்றல்ல. புதிதாக வாங்குகிறவர்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் ரெரா பதிவு எண்ணைக் கேட்காமல் ஒரு ரூபாய் தராதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால் பதிவு கட்டாயம். ஒப்பந்தம் பதியாமல் பில்டர் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. சாவி வாங்கிய ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நான்காம் வருடத்து மழையில் விரிசல் விட்டால் வெள்ளையடித்து மறைக்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். இருபத்தைந்து, முப்பது வருடமான பிளாட்டுகளுக்கு 2022ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டம் புதிய கதவைத் திறந்திருக்கிறது. அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஒருவர் மறுத்தால் எல்லோரும் நின்றார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஆகவே சங்கத்தைப் பதிவு செய்து வையுங்கள், கணக்கைச் சுத்தமாக வையுங்கள்.

சொத்து வரியைப் பற்றிக் கொஞ்சம். 2022 உயர்வில், 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளின் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். மாநகராட்சி எல்லைக்குள் 2024 அக்டோபரில் மேலும் 6 விழுக்காடு ஏறியது. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் தள்ளுபடி. வரி ரசீதில் அப்பா பெயரே இன்னும் இருக்கிறதா? அதையும் மாற்றுங்கள்.

அப்பா பெயர் என்றதும் குடும்பப் பேச்சு வருகிறது. உயில் எழுதாமல் ஒருவர் காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும், சம பங்கு. 'கல்யாணம் ஆகிப் போன பொண்ணுக்கு என்ன?' என்று கேட்காதீர்கள், அவருக்கும் சமம்தான். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு எழுதி வைக்க விரும்பினால் குடும்பத்துக்குள் தான செட்டில்மென்டுக்குத் தீர்வை 1 விழுக்காடு, உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் உச்சம் 10,000. விடுதலைப் பத்திரத்துக்கும் குடும்பத்துக்குள் இதே கணக்கு. செலவு குறைவு என்பதற்காக அவசரப்படாதீர்கள் அம்மா, அவசரப்படாதீர்கள் ஐயா. எழுதிக் கொடுக்கும் பத்திரத்திலேயே 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை எழுதுங்கள். குடியிருக்கும் உரிமையை உங்கள் ஆயுள்வரை வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை இருந்து, பிள்ளை பராமரிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சப்பட்டு, பின்னால் வாடகை வீடு தேடி அலைந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் வேண்டாம்.

மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் தகராறு வரும் நாளில் அது உதவாது.

விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்? 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடென்றால் மூலதன ஆதாய வரியை இரண்டு விதமாகக் கணக்கிடலாம்: பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 விழுக்காடு, அல்லது சரிக்கட்டலோடு 20 விழுக்காடு. எது குறைவோ அது. வீட்டைக் கட்டிய, விரிவாக்கிய பில்களை எடுத்து வைத்திருப்பவருக்கு வரி குறையும். ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் விலை போனால் வாங்குபவர் 1 விழுக்காடு பிடித்துக் கட்டுவார், அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகத் தண்ணீர். காகிதம் எல்லாம் சரியாக இருக்கிற வீட்டின் விலையையும் கரைக்கக்கூடியது அது. நமக்கு ஒரு பக்கம் அயனம்பாக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கூவம். 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் யாரும் மறக்கவில்லை. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் எங்கே போக வேண்டும், அந்தக் கால்வாயின் மேல் இன்று என்ன நிற்கிறது? ஒரு கோடையில் நடந்து பாருங்கள். நம் தெருக்களில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்தது, வீடு அங்கேயே நின்றது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதிய உத்தரவு இருக்கிறது. சாலை போட லாரி வந்து நிற்கும்போது அந்த உத்தரவின் நகல் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். பகுதி சபை கூடும் நாளில் போங்கள். கலங்கல் கால்வாய், சாலை மட்டம், மழைநீர் வடிகால் இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்திர நகலோடு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். சொத்து விவரத்திலிருந்து தொடங்குவோம்.